சும்மா கிடைத்த மென்பொருளுக்கு ஏன் பில் வருகிறது?

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மசாலாக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கிளை, ஏழு ஊழியர், பின்னால் ஒரு சின்னக் கிடங்கு. 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களோடு தொடங்கிய இ-இன்வாய்ஸ் படிப்படியாகக் கீழே இறங்கியபோது, கடை முதலாளியிடம் சரக்கு எடுக்கும் சூப்பர்மார்க்கெட், "உங்க கணக்கை கம்ப்யூட்டருக்கு மாத்துங்க" என்று சொல்லிவிட்டது. தெரிந்த பையன் ஒருவர் வந்து, பில், சரக்கு, கணக்கு எல்லாம் பார்க்கும் இஆர்பிநெக்ஸ்ட் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்தார். "இது ஓப்பன் சோர்ஸ்ணே, லைசென்ஸுக்கு ஒரு காசு கிடையாது." மூன்று மாதம் கழித்து அதே பையனிடமிருந்து கோட்டேஷன் வருகிறது: சப்போர்ட் கட்டணம், மாதம் 450 வெள்ளி.

"ஏன் தம்பி, சும்மா கிடைக்கிற சாமான்னுதானே சொன்னீங்க?"

"சாமான் சும்மாதாண்ணே. நான் சும்மா வர முடியாதுல்ல."

முதலாளி சிரித்தார். கையெழுத்துப் போடவில்லை.

அவர் தயங்கியதில் தப்பில்லை. எதற்குக் காசு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இதே கேள்வி பினாங்கு தொழிற்பேட்டைகளில் வேறு அளவில் எழுந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த ஒரு சட்டம், கட்டற்ற மென்பொருளுக்கு சப்போர்ட் காசு வாங்குகிறவரைத் தனிக் கண்ணோடு பார்க்கிறது. அடிப்படையிலிருந்து போனால் இரண்டுமே ஒரே கணக்குதான்.

## பெர்சுமா வேறு, பெபாஸ் வேறு

குழப்பத்தின் வேர் ஆங்கிலத்தில் இருக்கிறது. 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லுக்குக் காசில்லாதது என்றும் பொருள், கட்டில்லாதது என்றும் பொருள். மலாய் தெரிந்த நமக்கு இதில் சிக்கலே வந்திருக்கக் கூடாது. காசில்லாதது பெர்சுமா, கட்டில்லாதது பெபாஸ். சிறையிலிருந்து வெளியே வந்தவரை பெபாஸ் என்பார்கள். அவரை பெர்சுமா என்று யாரும் சொன்னதில்லை. தமிழிலும் இலவசம் ஒரு சொல், கட்டற்றது வேறு சொல். இருந்தும் 'இலவச மென்பொருள்' என்று எழுதி எழுதியே நாமாகக் குழப்பிக்கொண்டோம்.

கட்டற்ற மென்பொருள் என்பது விலையைப் பற்றிய பேச்சே இல்லை. அதை வாங்கியவருக்கு நான்கு உரிமை உண்டு: எந்தக் காரியத்துக்கும் ஓட்டலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படித்து மாற்றலாம், நகலெடுத்துப் பிறருக்குத் தரலாம், தான் மாற்றியதையும் தரலாம். இந்த நான்கும் இருந்தால் அது கட்டற்றது. 10,000 வெள்ளிக்கு விற்றாலும் கட்டற்றதுதான். மாறாக, காசில்லாமல் போனில் இறங்கும் பெரும்பாலான செயலிகள் பெர்சுமா மட்டுமே, பெபாஸ் அல்ல. ஓப்பன் சோர்ஸ் என்பது 1998இல் புழக்கத்துக்கு வந்த பெயர். கொள்கைப் பேச்சு கொஞ்சம் குறைவு, நடைமுறையில் கிட்டத்தட்ட அதே மென்பொருள்கள்தான்.

இந்த இயக்கத்தை 1983இல் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே முதலில் விற்றவர். வேலையை விட்டுவிட்டு க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தில் இறங்கியவருக்கு வருமானம் வேண்டியிருந்தது. 1985 வாக்கில் ஈமேக்ஸ் என்ற தன் நிரலைக் காந்த நாடாவில் பதிந்து, ஒரு நாடா 150 அமெரிக்க டாலர் என்று அஞ்சலில் அனுப்பினார். இணையத் தொடர்பு இருந்தவர்கள் அதையே சும்மா இறக்கிக்கொண்டார்கள். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

லைசென்ஸ் வாசகமே இதைச் சொல்கிறது. க்னூ திட்டத்தின் உரிமத்துக்கு ஜிபிஎல் என்று பெயர். 2007இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பில், நான்காம் பிரிவில், கொடுக்கும் நகலுக்கு எந்த விலையும் வைக்கலாம், விலை வைக்காமலும் விடலாம், சப்போர்ட்டுக்கோ உத்தரவாதத்துக்கோ கட்டணம் வாங்கலாம் என்று நேரடியாகவே இருக்கிறது. நம் மசாலாக் கடையில் ஓடும் இஆர்பிநெக்ஸ்ட் இதே உரிமத்தில்தான் வருகிறது. ஆக, "ஓப்பன் சோர்ஸுக்குக் காசு வாங்கலாமா?" என்ற கேள்விக்கு லைசென்ஸே பதில் சொல்லிவிட்டது. வாங்கலாம்.

## லைசென்ஸ் தராத ஒன்று

அதே லைசென்ஸில் இன்னும் கீழே போனால் பெரிய எழுத்தில் ஒரு பத்தி வரும். பெரும்பாலானவர்கள் அதைப் படிப்பதில்லை. மென்பொருள் 'இருக்கிற நிலையில்' தரப்படுகிறது, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, கெட்டுப்போனால் பழுது பார்க்கும் செலவு உங்களுடையது என்பது அதன் சாரம். எம்ஐடி, அப்பாச்சி என்று வேறு எந்த உரிமத்தை எடுத்தாலும் இந்தப் பத்தி ஏதோ ஒரு வடிவில் இருக்கும்.

மலேசியாவில் லேலோங் வீடு எடுத்தவர்களுக்கு இது பழகிய பேச்சு. ஏலத்தில் வீடு 'இருக்கிற நிலையில், இருக்கிற இடத்தில்' வரும். கூரை ஒழுகினால் பேங்க் வராது. பழைய குடியிருப்பாளர் தண்ணீர் பில் கட்டாமல் போயிருந்தால் அதுவும் உங்கள் தலையில். விலை குறைந்ததற்கு அதுதான் காரணம்.

கட்டற்ற மென்பொருளில் விலை பூஜ்யம், பொறுப்பும் பூஜ்யம். சப்போர்ட் கட்டணம் என்பது அந்த இரண்டாவது பூஜ்யத்தை வேறு எண்ணாக்குவதற்கு. லைசென்ஸ் மறுத்த வாக்குறுதியை ஓர் ஆள் தன் பெயரில் தருகிறார்: இத்தனை மணிக்குள் போனை எடுப்பேன், இதைப் பார்த்துக்கொள்வேன், இது போனால் என் பொறுப்பு. பில் அந்த வாக்குக்கு வருகிறது, மென்பொருளுக்கு அல்ல.

## ஒரு சனிக்கிழமை இரவு

பேச்சாகச் சொன்னால் பிடிபடாது, ஒரு கோளாற்றைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். அதே மசாலாக் கடை. தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, இரவு எட்டரை. கல்லாவில் வரிசை நிற்கிறது. பில் போட்டால் சேவ் ஆகவில்லை. திரையில் சிவப்பு எழுத்தில் டேட்டாபேஸ் கோளாறு என்று ஏதோ வருகிறது. முதலாளி பையனைக் கூப்பிடுகிறார்.

பையன் சர்வருக்குள் நுழைந்து டிஎஃப் என்ற கட்டளையைத் தட்டுகிறார். வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் கட்டளை அது. 100 விழுக்காடு நிறைந்திருக்கிறது. எது தின்றது என்று தேடினால், நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் லாக் கோப்பு ஒன்று 31 ஜிகாபைட் ஆகியிருக்கிறது. நிறுவும்போது பழைய லாக்கைச் சுருட்டி அழிக்கும் அமைப்பை யாரும் போடவில்லை. எழுத இடமில்லாததால் மரியாடிபி டேட்டாபேஸ் நின்றுவிட்டது. லாக்கைக் காலி செய்து, டேட்டாபேஸை மீண்டும் ஏற்றி, பில் போட்டுப் பார்த்தால் ஓடுகிறது. மொத்தம் 11 நிமிடம்.

11 நிமிடத்துக்கு 450 வெள்ளியா என்றால் அநியாயம்தான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. பேக்கப் போகும் கோப்புறையைத் திறந்தால் கடைசிக் கோப்பு 19 நாள் பழசு. பேக்கப் கோப்பு எழுதவும் அதே வட்டில் இடம் வேண்டும். இடம் குறையக் குறைய முதலில் செத்தது பேக்கப்தான், சத்தமில்லாமல். அன்றிரவு வட்டே போயிருந்தால் தீபாவளி வியாபாரத்தின் 19 நாள் கணக்கு, கடன் பாக்கி, வரிக்குக் காட்ட வேண்டிய விலைப்பட்டியல் எல்லாம் போயிருக்கும்.

சப்போர்ட் என்று இரண்டு வெவ்வேறு சரக்கு விற்கப்படுகிறது என்பது இங்கே தெரியும். ஒன்று, கெட்ட பிறகு ஓடிவருவது. இன்னொன்று, வட்டு 80 விழுக்காட்டைத் தொடும்போதே பையனின் போனில் மணி அடிப்பது. இரண்டாவதில் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காத மாதத்துக்கும் பில் வரும். முதலாளிகளுக்குக் கொடுக்க மனம் வராதது இதற்குத்தான். என் கணக்கில் கொடுக்கத் தகுந்ததும் இதுவேதான்.

## பில்லுக்குள் என்னென்ன இருக்கலாம்

கோட்டேஷனில் 'டெக்னிக்கல் சப்போர்ட்' என்று ஒரே வரி இருந்தால் பிரித்துக் கேட்க வேண்டும். நேர்மையான பில்லில் இவற்றில் சிலவாவது தனித்தனியாகத் தெரியும்:

1. பதில் நேரம். கூப்பிட்டால் எத்தனை மணிக்குள் ஆள் பேசுவார் என்பது. இது தீர்வு நேரம் அல்ல. 'நான்கு மணி நேரத்தில் பதில்' என்றால் நான்கு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்று பொருளில்லை. சண்டைகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

2. அப்டேட். புதிய பதிப்பு சும்மா வரும். அதை நேரே ஓடும் கணக்கில் ஏற்றாமல், நகல் ஒன்றில் ஏற்றி, உங்கள் பில் வடிவம் உடைகிறதா என்று பார்த்து, அப்புறம் ஏற்றுவது வேலை.

3. பேக்கப், அதைவிட முக்கியமாக மீட்டுப் பார்த்தல். மீட்டுப் பார்க்காத பேக்கப்பைப் பேக்கப் என்று எண்ணாதீர்கள்.

4. நிரலிலேயே திருத்தம். சிலசமயம் கோளாறு உங்கள் அமைப்பில் இருக்காது, மென்பொருளில் இருக்கும். அதைத் திருத்தி, எழுதிய மூலத் திட்டத்துக்கே அனுப்பிச் சேர்க்க வைப்பது தனித் திறமை. சேர்க்காமல் விட்டால் ஒவ்வொரு அப்டேட்டிலும் அதே திருத்தத்தை மறுபடி ஒட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் காசு.

5. கையெழுத்து. பெரிய நிறுவனங்களுக்கு இது மட்டுமே கூடப் போதும். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் உங்கள் கைபேசிக்குள்ளேயே இருக்கிறது. அதை எழுதியவர்கள் காப்புரிமையையே துறந்து பொதுச் சொத்தாக விட்டுவிட்டார்கள், யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் அதே ஆட்கள் அதற்கு ஓர் உரிமப் பத்திரத்தை 6,000 டாலருக்கு விற்கிறார்கள். எங்கள் வக்கீல் ஒரு தாள் கேட்கிறார் என்று வரும் நிறுவனங்களுக்காக. தேவையே இல்லாத தாள் என்று தெரிந்தும் வாங்குகிறார்கள்.

## விற்றுப் பிழைத்தவர்கள்

இது தெருக்கோடிப் பையன்கள் கண்டுபிடித்த தந்திரமில்லை. 1989இல் அமெரிக்காவில் சிக்னஸ் என்ற நிறுவனம் இதற்காகவே தொடங்கியது. எழுதிய நிரலைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் ஜிசிசி என்ற கட்டற்ற கம்பைலரைப் புதுப்புது சில்லுகளுக்கு ஏற்ப மாற்றித் தருவதற்கு, சில்லு செய்பவர்களிடம் காசு வாங்கினார்கள். கட்டற்ற மென்பொருளைக் கட்டுப்படியாகும் விலைக்குக் கொண்டுவருகிறோம் என்பது அவர்களின் விளம்பர வாசகம், பாதிக் கிண்டல். 1999இல் ரெட் ஹேட் அவர்களை வாங்குவதாக அறிவித்தது.

ரெட் ஹேட் கதை பலருக்கும் தெரியும். லினக்ஸை விற்கவில்லை, லினக்ஸுக்கான சந்தாவை விற்றது. சோதித்த அப்டேட், பல ஆண்டுப் பாதுகாப்புத் திருத்தம், போன் எடுக்கும் ஆள். 2012இல் அதன் ஆண்டு வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியது. ஓப்பன் சோர்ஸ் நிறுவனம் ஒன்று அதைத் தொட்டது அதுவே முதல்முறை. 2019இல் ஐபிஎம் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நம் ஊர் சர்வர் அறைகள் வரை எட்டியது. ரெட் ஹேட் லினக்ஸின் அதே நிரலைச் சந்தா இல்லாமல் தந்துகொண்டிருந்தது சென்ட்ஓஎஸ். காசு கட்ட விரும்பாத கல்லூரிகளும் சின்ன ஹோஸ்டிங் கம்பெனிகளும் அதில்தான் ஓடின. சென்ட்ஓஎஸ் 8 பதிப்புக்கு 2029 வரை அப்டேட் வரும் என்று நம்பியிருந்தவர்களிடம், 2021 இறுதியோடு முடிகிறது என்று 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். ராக்கி லினக்ஸ், அல்மாலினக்ஸ் இரண்டும் அந்தக் கோபத்தில் பிறந்தவை. 2023 ஜூனில் இன்னொரு படி: ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸின் மூலநிரலைப் பொதுவில் போடுவதை நிறுத்தி, வாடிக்கையாளருக்கு மட்டும் என்றார்கள். பொதுமக்களுக்கு சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம்.

இது முறையா? ஜிபிஎல் படி, மென்பொருளை யாருக்குக் கொடுத்தீர்களோ அவருக்கு மூலநிரலைத் தந்தால் போதும், ஊருக்கெல்லாம் தர வேண்டியதில்லை. வாடிக்கையாளர் அதைப் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை உண்டு. ஆனால் கொடுத்தால் அடுத்த சந்தாவை மறுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இடம் வைத்துக்கொண்டால், உரிமை ஏட்டில் இருக்கும், பயன்படுத்தினால் சப்போர்ட் போகும். எழுத்துக்குத் தப்பில்லை, மனசுக்கு ஒப்பவில்லை என்பது என் கருத்து. எப்படியானாலும், சப்போர்ட்டை விற்பவர் சப்போர்ட்டையே கயிறாகவும் கட்டலாம் என்பதை அந்த விவகாரம் காட்டிவிட்டது.

நம் அரசாங்கமும் இந்த வழியில் நடந்திருக்கிறது. பொதுத்துறையில் ஓப்பன் சோர்ஸைக் கொண்டுவர, அரசு நிர்வாகத்தை நவீனமாக்கும் பிரிவான மாம்பு 2004இல் ஒரு பெருந்திட்டம் வெளியிட்டது. மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள் என்று இலாகாக்களிடம் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. பயிற்சிக்கும் உதவிக்கும் தனியாக ஒரு திறன் மையம் வைத்தது. அந்த மையத்துக்கும் சம்பளம் உண்டு, வாடகை உண்டு. மக்களின் வரிப்பணத்தில் போனதால் யாருக்கும் பில்லாகத் தெரியவில்லை.

## காசு கொடுக்காமல் பதில் கேட்டவர்கள்

மறுபக்கமும் பார்க்க வேண்டும். 2014 ஏப்ரலில், இணையத்தில் போகும் தகவலைப் பிறர் படிக்காமல் பூட்டும் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிவந்தது. உலகின் பாதுகாப்பான இணையதளங்களில் பெரும்பங்கு அந்த நிரலை நம்பியிருந்தது. அதன் அறக்கட்டளைக்கு நன்கொடையாக வந்தது ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். எண்ணிக்கை சரிதான், பூஜ்யம் எதுவும் விட்டுப்போகவில்லை. திட்டத்தை நடத்தியது நன்கொடை அல்ல, அதே ஆட்கள் செய்த சப்போர்ட் ஒப்பந்தங்களும் கூலி வேலையும்தான்.

இணையம் வழி தரவை அனுப்பி வாங்கும் கர்ல் என்ற கருவி கார் முதல் டிவி வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. அதை எழுதும் டேனியல் ஸ்டென்பெர்குக்கு 2022 ஜனவரியில் அமெரிக்காவின் மிகப்பெரிய நிறுவனங்களில் ஒன்றிடமிருந்து மெயில் வந்தது. லாக்ஃபோர்ஜே என்ற வேறொரு நிரலில் வந்த ஓட்டையைக் குறித்துக் கேள்விப்பட்டியல், 24 மணி நேரத்தில் பதில் வேண்டும் என்ற கெடு. அந்த நிறுவனம் அவருக்கு ஒரு காசும் கொடுத்ததில்லை. லாக்ஃபோர்ஜேவுக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை. சப்போர்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் எல்லாக் கேள்விக்கும் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன் என்று எழுதினார். இதைவிடச் சுருக்கமாக இந்தத் தொழிலை யாரும் விளக்கியதில்லை.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் விவகாரம் இன்னும் மோசம். தனியொருவர், ஓய்வு நேரத்தில், களைத்துப்போய்க் கவனித்துவந்த, கோப்புகளைச் சுருக்கும் நிரல் அது. உதவுகிறேன் என்று வந்து இரண்டு வருடத்துக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்த ஒரு முகமறியாத ஆள், உள்ளே பின்கதவு வைத்துவிட்டார். தொலைவிலிருந்து உள்நுழையும்போது அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்த ஆந்த்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் கண்ணில் பட்டதால் தப்பித்தோம்.

## காசு வாங்கினால் சட்டம் எப்படிப் பார்க்கும்

இப்போது பினாங்குக்கு வருவோம். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கியது. அங்கே செய்யப்படும் கருவிகள் பலவற்றின் வயிற்றுக்குள் லினக்ஸ் ஓடுகிறது. ஐரோப்பாவுக்குப் போகும் கருவி என்றால், தொடக்கத்தில் சொன்ன ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், அதாவது இணையத் தாங்குதிறன் சட்டம், பொருந்தும். 2024 டிசம்பர் 10இல் நடைமுறைக்கு வந்த சட்டம். ஓட்டைகளைத் தெரிவிக்கும் கடமை 2026 செப்டம்பர் 11 முதல், மற்ற முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல். அடிப்படைத் தேவைகளை மீறினால் அபராதம் 1.5 கோடி யூரோ வரை, அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 2.5 விழுக்காடு வரை, எது பெரிதோ அது.

நம் விஷயத்துக்கு வேண்டியவை மூன்று.

1. வணிக நோக்கமில்லாமல் கட்டற்ற மென்பொருளை எழுதி வெளியிடுபவருக்கு இந்தச் சட்டத்தின் உற்பத்தியாளர் கடமைகள் இல்லை. ஆனால் எது வணிகம்? சட்டத்தின் முன்னுரைப் பகுதி இதை விளக்குகிறது: பொருளுக்கு விலை வாங்கினால் மட்டுமல்ல, தொழில்நுட்ப சப்போர்ட்டுக்குக் கட்டணம் வாங்கி, அது அடக்கச் செலவை ஈடுகட்டுவதோடு நிற்காவிட்டாலும் வணிகமாகக் கருதப்படலாம். அதாவது ஜார்ஜ்டவுனில் ஒருவர் தன் நிரலைச் சும்மா வெளியிட்டு, ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு லாபத்தோடு சப்போர்ட் விற்றால், 'நான் சும்மாதானே கொடுத்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாமல் போகலாம். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்கு இஆர்பிநெக்ஸ்ட் பார்த்துக்கொடுக்கும் பையனை இது தொடாது. அவர் ஐரோப்பியச் சந்தையில் எதையும் வைக்கவில்லை.

2. கருவியைத் தன் பெயரில் விற்கும் தொழிற்சாலைதான் உற்பத்தியாளர். உள்ளே இருக்கும் கட்டற்ற பாகங்களைச் சோதித்துச் சேர்ப்பதும், அவற்றில் ஓட்டை கண்டால் அதை எழுதியவர்களுக்குச் சொல்வதும் அதன் கடமை. தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டை தெரியவந்தால் 24 மணி நேரத்தில் முன்னெச்சரிக்கை, 72 மணி நேரத்தில் கூடுதல் விவரங்களோடு அறிவிப்பு. பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டு பாதுகாப்பு அப்டேட் தர வேண்டும்.

3. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தொழிற்சாலைக்குக் கடமை உண்டு. பாகத்தை எழுதிய ஃபின்லாந்துக்காரருக்கோ கோயம்புத்தூர்க்காரருக்கோ எந்தக் கடமையும் இல்லை. ஐந்து ஆண்டுக்கு யார் திருத்துவது? ஒன்று, சொந்தமாக ஆள் வைக்க வேண்டும். இல்லையென்றால் எழுதியவருக்கோ, அதைக் கரைத்துக் குடித்த ஒரு நிறுவனத்துக்கோ காசு கொடுத்து ஒப்பந்தம் போட வேண்டும். மூன்றாவது வழி, 24 மணி நேரக் கெடு வைத்து ஸ்டென்பெர்குக்கு மெயில் அனுப்புவது. அதன் முடிவைத்தான் மேலே பார்த்தோம்.

மலேசியச் சட்டத்தில் தனியாக ஓப்பன் சோர்ஸ் சப்போர்ட் என்று ஒன்றும் இல்லை. காசு வாங்கிய நொடியில் மற்ற எந்தச் சேவையையும் போல ஆகிவிடும். தகவல் தொழில்நுட்பச் சேவை 12 மாதத்தில் 500,000 வெள்ளியைத் தாண்டினால் சுங்கத்துறையில் பதிந்து சேவை வரி வசூலிக்க வேண்டும். 2024 மார்ச் 1 முதல் இது 8 விழுக்காடு. தனியாக வேலை பார்க்கும் பையன் அந்த அளவைத் தொடுவது அரிது. அவர் பில்லில் பதிவு எண் இல்லாமல் 8 விழுக்காடு போட்டிருந்தால் கேளுங்கள். வெளிநாட்டு சப்போர்ட்டை வாங்கும் கம்பெனி, இறக்குமதிச் சேவை என்று தானே வரியைக் கணக்கிட்டுக் கட்ட வேண்டிவரலாம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்னும் இரண்டு இடத்தில் கால் இடறும். 2024 ஆகஸ்ட் 26இல் நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், ஊடுருவல் சோதனை, பாதுகாப்புக் கண்காணிப்பு மையச் சேவை ஆகிய இரண்டையும் உரிமம் இல்லாமல் விற்கக் கூடாது என்கிறது. சப்போர்ட் பொட்டலத்தில் 'ஹேக் பண்ணிப் பார்ப்பதும் அடக்கம்' என்று தாராளமாக எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும். அடுத்தது தனிநபர் தரவு. கடையின் வாடிக்கையாளர் பெயர், போன் எண், கடன் பாக்கி எல்லாம் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் கண்ணில் படும். 2025 ஏப்ரல் முதல், பிறர் தரவைக் கையாளும் அவருக்கும் பாதுகாப்புக் கடமை நேரடியாக உண்டு. ஜூன் முதல், தரவு கசிந்து அது பெருந்தீங்கு விளைவிக்கக் கூடியதென்றால் கடைக்காரர் 72 மணி நேரத்தில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த நேரத்தில் பையன் போனை எடுப்பாரா என்பது மறுபடியும் ஒப்பந்தத்துக்கே வருகிறது.

## கையெழுத்துப் போடுமுன்

மசாலாக் கடைக்காரர் அந்தக் கோட்டேஷனை மேசையில் வைத்துக் கேட்க வேண்டியவை அதிகமில்லை. 450 வெள்ளி கூடுதலா குறைவா என்பது கடைசிக் கேள்வி.

1. மாதக் கட்டணத்தில் கண்காணிப்பு உண்டா, அல்லது கூப்பிட்டால் வருவது மட்டுமா? கூப்பிட்டால் வருவது மட்டும் என்றால் மாதக் கட்டணம் எதற்கு? மணிக்கணக்கில் வாங்கிக்கொள்ளலாமே.

2. கடைசியாக எப்போது பேக்கப்பை மீட்டுப் பார்த்தீர்கள்? பதிலில் ஒரு தேதி இருக்க வேண்டும்.

3. எனக்காகச் செய்த மாற்றங்களின் மூலநிரல் எங்கே இருக்கிறது? மென்பொருள் கட்டற்றது, ஆனால் அதன்மேல் பையன் எழுதிய 40 கோப்பு அவர் லேப்டாப்பில் மட்டும் இருந்தால் கடை அவரிடம் கட்டுண்டுதான் கிடக்கும். பூட்டுப் போட்ட மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கியிருக்கலாம், வித்தியாசம் இல்லை.

4. நீங்கள் லீவில் போனால் யார்? ஒரே ஆள் நடத்தும் சேவைக்கு இது சங்கடமான கேள்வி. 'பட்டர்வொர்த்தில் என் நண்பர் இருக்கிறார், அவருக்கும் சர்வர் தெரியும்' என்பது போதுமான பதில்.

5. டொமைன், சர்வர் கணக்கு, டேட்டாபேஸ் கடவுச்சொல் யார் பெயரில்? கட்டற்ற மென்பொருளின் பெரிய லாபமே ஆளை மாற்ற முடிவதுதான். இஆர்பிநெக்ஸ்ட் தெரிந்தவர் பெட்டாலிங் ஜெயாவிலும் கிடைப்பார், சென்னையிலும் கிடைப்பார். ஆனால் சாவி பையனிடம் இருந்தால் அந்த லாபம் அவருக்குத்தான்.

பையன் தரப்பிலும் ஒரு வேலை பாக்கி. மூன்று மாதத்துக்கு முன்பு 'லைசென்ஸுக்கு ஒரு காசு கிடையாது' என்று சொன்ன அன்றைக்கே அடுத்த வரியையும் சொல்லியிருக்க வேண்டும்: நிறுவ இவ்வளவு, மாதம் பார்த்துக்கொள்ள இவ்வளவு, வேண்டாமென்றால் பேக்கப் எடுக்கும் முறையை எழுதித் தந்துவிடுகிறேன். சொல்லாமல் விட்டதால்தான் இப்போது 450 வெள்ளி பேராசையாகத் தெரிகிறது. புதிய கோட்டேஷனில் வரிகளைப் பிரித்து எழுதட்டும். கண்காணிப்பும் பேக்கப்பும் ஒரு தொகை, அவசர அழைப்புக்கு மணிக்கு இவ்வளவு, அப்டேட் வருடத்துக்கு இரண்டு முறை. கூடவே எல்லாக் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, முதலாளி கையில் கொடுக்கட்டும். அது கல்லாவுக்குக் கீழே பூட்டிய டிராயரில், கடையின் லைசென்ஸ் காகிதத்தோடு இருக்கலாம்.